புள்ளிக்கு வலப்பக்கம் யாருக்கு?

மெர்க் என்ற பெயரில் உலகில் இரண்டு பெரிய மருந்து நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1668-இல் ஒரு மருந்துக்கடையாகத் தொடங்கியது. மற்றது அதே குடும்பம் 1891-இல் நியூயார்க்கில் திறந்த கிளை. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும், எதிரி நாட்டுச் சொத்து என்று அந்தக் கிளையை அமெரிக்க அரசு கையகப்படுத்தியது. போர் முடிந்தும் இரண்டும் ஒன்று சேரவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் மெர்க் என்ற பெயர் அமெரிக்க நிறுவனத்துக்கு. பெரும்பாலான பிற நாடுகளில் ஜெர்மானிய நிறுவனத்துக்கு. அங்கே போனால் அமெரிக்கர்கள் எம்எஸ்டி ஆகிவிடுவார்கள். அமெரிக்காவுக்கு வந்தால் ஜெர்மானியர்கள் இஎம்டி ஆகிவிடுவார்கள். உரசல் இல்லாமல் இல்லை. ஆனாலும் இந்தப் பாகப்பிரிவினை ஏறக்குறைய நூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

2012-இல் இரண்டு நிறுவனங்களும் ஒரே சொல்லைக் கேட்டு விண்ணப்பம் போட்டன: டாட் மெர்க். டாட் காம், டாட் ஆர்க் போல, முகவரியின் கடைசியில் நிற்கும் பின்னொட்டு. எல்லைக்கோடு போட்டுப் பிரித்துக்கொள்ள இணையத்தில் அட்லாண்டிக் கடல் கிடையாது.

ஏன் பிரிக்க முடியாது என்பதற்குக் காரணம் சட்டத்தில் இல்லை, கணினிக் கட்டமைப்பில் இருக்கிறது. உலாவியில் ஒரு முகவரியைத் தட்டினால் நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். கணினி வலமிருந்து தொடங்குகிறது. கடைசிப் புள்ளிக்கு வலப்பக்கம் உள்ள பின்னொட்டு எது, அதைப் பராமரிப்பவர் யார் என்பதுதான் அதன் முதல் கேள்வி. பதில் ‘மூல மண்டலம்’ என்ற ஒரு கோப்பில் இருக்கிறது. இணையத்தின் அத்தனை பெயர்களுக்கும் வேரான அந்தக் கோப்பு, கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தைவிடப் பெரியதாக இருக்காது. டாட் காம் என்றால் இந்தச் சர்வர்களைக் கேள், டாட் இன் என்றால் அந்தச் சர்வர்களைக் கேள் என்று ஒவ்வொரு பின்னொட்டுக்கும் வழிகாட்டும் குறிப்புகள்தான் அதில் உள்ளவை. இந்தக் கோப்பின் பிரதியை 13 பெயர்கொண்ட மூலச் சர்வர்கள் வைத்திருக்கின்றன. அந்த 13-இன் நகல்கள் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஓடுகின்றன. பால் மாக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்த முறை. அடிப்படையில் இன்றும் அதுவேதான்.

ஒரு பின்னொட்டுக்கு இரண்டு உரிமையாளர்கள் இருந்தால் என்ன ஆகும்? சென்னையில் தட்டினால் ஒரு தளமும் சிகாகோவில் தட்டினால் வேறொரு தளமும் வரும். அனுப்பிய மின்னஞ்சல் யாரிடம் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. இணையத்தின் கட்டமைப்பைக் கவனிக்கும் பொறியாளர் வாரியம் 2000 மே மாதத்தில் இதையே ஓர் ஆவணமாக வெளியிட்டது: மூலம் ஒன்றாகத்தான் இருக்க முடியும், அதில் ஒரு பெயர் ஒரு முறைதான் வரமுடியும்.

வணிகக்குறிச் சட்டம் இதற்கு நேர் எதிர்த்திசையில் வளர்ந்த ஒன்று. நம்மூரில் லட்சுமி என்ற பெயரில் நகைக்கடையும் நடக்கும், மாவு மில்லும் நடக்கும், பஸ்ஸும் ஓடும். யாரும் யாரையும் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை, வாங்குபவர் குழம்பாத வரை. சட்டம் கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான்: வாங்குபவர் குழம்புவாரா? நீஸ் ஒப்பந்தத்தின்படி உலகின் சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரே சொல் வெவ்வேறு வகுப்புகளில், வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆட்களுக்குச் சொந்தமாக இருக்கலாம். அமெரிக்காவிலேயே டெல்டா என்றால் விமான நிறுவனம், தண்ணீர்க் குழாய், பல் மருத்துவக் காப்பீடு மூன்றும் உண்டு. மூவருக்கும் முறையான உரிமை உண்டு. டாட் டெல்டா மட்டும் விமான நிறுவனத்திடம் இருக்கிறது.

அதாவது, பல பேருக்கு ஒரே நேரத்தில் நியாயமாகச் சொந்தமான பெயரை ஒருவருக்கு மட்டும் கொடு என்று கணினி கேட்கிறது. சட்டத்துக்கு அப்படியொரு கேள்வியைக் கேட்டுப் பழக்கமே இல்லை. புதிய பின்னொட்டுகளைச் சுற்றி நடந்த வழக்குகளில் பல இந்தப் பொருத்தமின்மையிலிருந்துதான் கிளம்பின. பேராசை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

நெடுங்காலம் இந்தக் கேள்வி எழவே இல்லை. 1984-இல் ஜான் போஸ்டலும் அவரது சகாக்களும் காம், எடு, கவ், மில், ஆர்க் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பின்னொட்டுகளை வகுத்தார்கள். 1985 மார்ச் 15-இல் சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிவு செய்தது. 1998-இல் ஐகேன் என்ற லாப நோக்கற்ற நிறுவனம் கலிபோர்னியாவில் உருவாகி, பெயர்களின் பொறுப்பை ஏற்றது. 2000-இலும் 2003-க்குப் பிறகும் சில பின்னொட்டுகளைச் சேர்த்தார்கள். இன்ஃபோ, பிஸ், மியூசியம், ஏஷியா போன்றவை. நாடுகளுக்கான பின்னொட்டுகளை விட்டுவிட்டால், 2012-இல் மொத்தம் 22.

அதைத் தாண்டிப் போகவேண்டாம் என்று பெரிய வணிகக்குறிக்காரர்கள் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தார்கள். அவர்கள் பக்கம் காரணம் இருந்தது. டாட் காமில் தங்கள் பெயரை முன்கூட்டியே பதிவு செய்துவைத்து விலை பேசும் ஆட்களோடு தொண்ணூறுகளில் மல்லுக்கட்டியவர்கள் அவர்கள். அந்தத் தொல்லைக்காகவே 1999-இல் ஐகேன் ஒரு விரைவு நடுவர் முறையைக் கொண்டுவந்தது. குறியோடு குழப்பும் ஒற்றுமை, பதிவு செய்தவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இல்லாமை, கெட்ட நோக்கம் ஆகிய மூன்றையும் நிரூபித்தால் பெயர் கைமாறும். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு அதன்படி தீர்த்த முதல் வழக்கு அமெரிக்க மல்யுத்த நிறுவனம் ஒன்றினுடையது. அது புள்ளிக்கு இடப்பக்கத் தகராறு. வலப்பக்கத்தையும் திறந்துவிட்டால் ஒவ்வொரு புதிய பின்னொட்டிலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது நிறுவனங்களின் பயம்.

2011 ஜூன் 20 அன்று சிங்கப்பூரில் கூடிய ஐகேன் வாரியம் திறந்துவிட முடிவு செய்தது. ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர். விண்ணப்பக் காலம் 2012 ஜனவரி 12-இல் தொடங்கி ஏப்ரல் 12-இல் முடியவேண்டியது, முடியவில்லை: ஒரு விண்ணப்பதாரர் ஏற்றிய கோப்புகளின் பெயரை வேறு விண்ணப்பதாரர்கள் பார்க்க முடிகிறது என்று தெரிந்து, கடைசி நாளில் கணினி அமைப்பையே மூடிவிட்டார்கள். யார் எந்தப் பெயரைக் கேட்கிறார்கள் என்பதுதான் அந்த நேரத்தில் ரகசியங்களிலேயே பெரிய ரகசியம். மே 30 வரை கெடு நீண்டது. ஜூன் 13 அன்று லண்டனில் பட்டியல் வெளியானபோது 1,930 விண்ணப்பங்கள். வட அமெரிக்காவிலிருந்து 911, ஐரோப்பாவிலிருந்து 675, ஆசிய பசிபிக்கிலிருந்து 303. லத்தீன் அமெரிக்கா முழுவதற்கும் 24. ஆப்பிரிக்கா முழுவதற்கும் 17. டோனட்ஸ் என்ற ஒரே நிறுவனம் மட்டும் 307 பெயர்கள் கேட்டிருந்தது. கூகுள் 101, அமேசான் 76. டாட் ஆப் வேண்டும் என்று 13 பேர். டாட் ஹோம் 11 பேர், டாட் ஆர்ட் 10 பேர். மொத்தத்தில் சுமார் 230 சொற்களுக்கு 750 விண்ணப்பங்கள் முட்டிமோதின.

இத்தனை விண்ணப்பங்களையும் எந்த வரிசையில் பரிசீலிப்பது? ஐகேன் கண்டுபிடித்த வழிக்கு ‘டிஜிட்டல் வில்வித்தை’ என்று பெயர் வைத்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. விண்ணப்பதாரர் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, சரியாக அந்த நொடியில் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். குறிக்கு எவ்வளவு நெருக்கமாக அழுத்துகிறாரோ அவ்வளவு முன்வரிசை. வேகமான இணைப்பும் சர்வருக்கு அருகில் வீடும் உள்ளவர் ஜெயிப்பார் என்று எல்லோரும் கத்தியதும் அந்த மாதமே அதைக் கைவிட்டார்கள். டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் சீட்டுக் குலுக்கினார்கள், ஒரு சீட்டு 100 டாலர். லத்தீன் அல்லாத எழுத்தில் உள்ள பெயர்களுக்கு முன்னுரிமை கொடுத்ததால் முதல் எண் வத்திக்கானுக்கு விழுந்தது: கத்தோலிக்கம் என்பதன் சீன வடிவம்.

தமிழ் எழுத்திலும் பின்னொட்டுகள் மூலக் கோப்பில் இருக்கின்றன. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். ஆனால் அவை நாடுகளுக்கான தனி வழியில் வந்தவை. அரசு கேட்டால் கிடைக்கும், போட்டி இல்லை, ஏலம் இல்லை.

மற்றவர்களுக்கு இருந்தது. ஒரே சொல்லைக் கேட்டவர்கள் மோதுவது புரிகிறது. ஒரே மாதிரித் தெரியும் சொற்களையும் சேர்த்து விடக்கூடாது என்று இன்னொரு விதி. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் ஏமாற்றுக்காரர்களுக்கு வசதி. இதற்கென்று அமைத்த குழு ஆயிரத்துச் சொச்சம் சொற்களை ஒப்பிட்டு, இரண்டே ஜோடிகளைத்தான் ஆபத்து என்றது. ஒன்று யூனிகார்ன், யூனிகாம். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஆரும் என்னும் ஒட்டி நின்றால் எம் போலவே இருக்கும். இன்னொன்று, ஹோட்டல்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் ஹோட்டல்களுக்கான போர்த்துகீசியச் சொல்லும். எல் இருக்கவேண்டிய இடத்தில் ஐ இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஹோட்டல்ஸைக் கேட்ட புக்கிங் டாட் காம் இந்த முடிவை எதிர்த்து நடுவர் மன்றம் வரை போய் 2015-இல் தோற்றது.

கார், கார்ஸ் போன்ற ஒருமை பன்மை ஜோடிகள் குழுவின் கண்ணில் படவில்லை. அந்த விவகாரங்கள் தனித்தனி நடுவர்களிடம் போயின. அங்கே நடந்தது இதைவிட விசித்திரம். டாட் காமை நடத்தும் வெரிசைன் நிறுவனம், டாட் கேம் என்ற பின்னொட்டு தன்னுடையதைப் போலவே இருக்கிறது என்று ஆட்சேபித்தது. கேமராவின் சுருக்கமான கேம். ஆங்கிலத்தில் ஓ இருக்கும் இடத்தில் ஏ. அதைக் கேட்டிருந்தவர்கள் மூவர். ஒரு நடுவர், ஆமாம் குழப்பும் என்றார். மற்ற இருவர் விஷயத்தில், குழப்பாது என்று தீர்ப்பு. அதே மூன்று எழுத்து, அதே ஆட்சேபணை. ஒரு விண்ணப்பதாரருக்கு மட்டும் அந்தச் சொல் ஆபத்தானது! ஆன்லைன் ஷாப்பிங் என்று பொருள்படும் ஜப்பானிய எழுத்துகள் டாட் ஷாப்போடு குழம்பும் என்றும் ஒரு தீர்ப்பு வந்தது. எழுத்தில் துளிக்கூட ஒற்றுமை கிடையாது, பொருளில் மட்டும்தான். இவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு மறுபரிசீலனை முறையை ஐகேன் பின்னால் உருவாக்கவேண்டி வந்தது.

வணிகக்குறிக்காரர்களுக்கென்று வைத்த வாசல் வேறு. இந்தப் பின்னொட்டு என் உரிமையைப் பறிக்கிறது என்று ஜெனீவா அமைப்பிடம் முறையிடலாம். 70-ஐ ஒட்டிய முறையீடுகள் வந்தன. ஏற்கப்பட்டவை நான்கு. எக்ஸ்பிரஸ் என்ற அமெரிக்கத் துணிக்கடை டாட் எக்ஸ்பிரஸை எதிர்த்தது. அகராதியில் உள்ள சொல்லைக் கடைப்பெயராக வைத்துக்கொண்டால் அகராதியே உனக்குச் சொந்தமாகாது என்பதுதான் விடை. குறி வைத்திருப்பது போதாது. விண்ணப்பித்தவர் அந்தக் குறியின் பேரில் குளிர்காயப் பார்க்கிறார் என்று காட்டவேண்டும். வென்ற நான்கில் இரண்டு சீனாவின் சினா நிறுவனத்துடையவை: வெய்போ, லத்தீன் எழுத்திலும் சீன எழுத்திலும். கேட்டது டென்சென்ட். மைக்ரோபிளாக் என்பதற்கு வெய்போ பொதுச்சொல் ஆயிற்றே, டென்சென்டும் அதே பெயரில் சேவை நடத்தியதே என்றால், மக்கள் மனத்தில் அந்தச் சொல் சினாவைத்தான் குறிக்கிறது என்றார்கள். இன்னொன்று டெல்மான்டே: பழ டின்களில் ஒரு நிறுவனமும் பச்சைப் பழங்களில் வேறொரு நிறுவனமும் வைத்திருக்கும் ஒரே பெயர். மெர்க்குகளும் ஒன்றையொன்று எதிர்த்து இங்கே வந்தன. இரு பக்க ஆட்சேபணைகளும் தள்ளுபடி. இருவரும் உண்மையான உரிமையாளர்கள், இருவரிடமும் கெட்ட நோக்கம் இல்லை, ஆகவே யாரையும் தடுக்க முடியாது. சட்டப்படி கச்சிதமான தீர்ப்பு. கோப்பில் எழுதத்தான் உதவாது. மேல்முறையீட்டிலும் ஜெர்மானியர்களுக்கு வழி பிறக்கவில்லை. இன்று மூல மண்டலத்தில் டாட் மெர்க் அமெரிக்க மெர்க்கின் பெயரில் இருக்கிறது.

உரிமை கேட்டு வருபவர் வணிகரே இல்லை என்றால்? டாட் அமேசானை ஜெஃப் பெசோஸின் நிறுவனம் கேட்டது. உலகம் முழுக்க அந்தக் குறி அவர்களுடையது, போட்டி விண்ணப்பமும் இல்லை. நாட்டுப் பெயர், தலைநகரப் பெயர் போன்ற பாதுகாக்கப்பட்ட பட்டியல்களில் அமேசான் கிடையாது. விதிப் புத்தகத்தின்படி தடையில்லை. ஆனால் அந்த நதியின் பெயரைத்தான் நிறுவனம் எடுத்துக்கொண்டது என்பதும் எல்லோருக்கும் தெரியும். பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. அமேசான் படுகையின் எட்டு நாடுகளும் சேர்ந்துகொண்டன. 2013 ஜூலையில் டர்பன் நகரில் கூடிய, ஐகேனுக்கு யோசனை சொல்லும் அரசுகளின் ஆலோசனைக் குழு, கொடுக்காதே என்று ஒருமித்துச் சொன்னது. அமெரிக்கா எதிர்க்காமல் ஒதுங்கியது. 2014 மே மாதத்தில் ஐகேன் மறுத்தது. 2017 ஜூலையில் நடுவர் மன்றம் அந்த மறுப்பைக் குறை சொன்னது: அரசுகள் வேண்டாம் என்றன, ஏன் வேண்டாம் என்பதற்கு வாரியம் தானாக ஆராயவே இல்லையே? சமாதானமாக 50 லட்சம் டாலர் மதிப்பில் கிண்டில் கருவிகளும் இணைய வசதிகளும் தருகிறோம் என்று நிறுவனம் பேசிப் பார்த்தது. ஒரு நதியின் பெயருக்கு மின்புத்தகக் கருவி என்ற பேரத்தை யார் யோசித்தார்களோ! நாடுகள் இசையவில்லை. ஆனாலும் 2020-இல் டாட் அமேசான் நிறுவனத்திடமே போனது. இதே சூழலில் மாட்டிய படகோனியா ஆடை நிறுவனம் அர்ஜென்டினாவும் சிலியும் எதிர்த்ததும் 2013-இலேயே விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டது. இந்தியாவும் அந்தக் குழுவில் இரண்டு பெயர்களுக்கு ஆட்சேபம் சொன்னது: ரிலையன்ஸ் கேட்ட டாட் இந்தியன்ஸ், கிரைஸ்லர் தன் லாரிகளுக்காகக் கேட்ட டாட் ராம். ஆங்கிலத்தில் ஆட்டுக்கடா, இங்கே சொல்லவேண்டியதில்லை.

உரிமையை வைத்துத் தீர்க்க முடியாத இடத்தில் பணம் வந்து உட்கார்ந்தது. ஐகேன் நடத்தும் ஏலத்தில் விலை சுற்றுக்குச் சுற்று ஏறும், தாங்காதவர்கள் விலகுவார்கள், கடைசியில் நிற்பவர், தனக்கு முந்தியவர் எந்த விலையில் விலகினாரோ அதைக் கட்டினால் போதும். 2015-இல் கூகுள் டாட் ஆப்பை 2.5 கோடி டாலருக்கு எடுத்தது. 2016 ஜனவரியில் டாட் ஷாப் ஜப்பானின் ஜிஎம்ஓ நிறுவனத்துக்கு 4.15 கோடி. ஆனால் இந்த வழியைப் பலர் விரும்பவில்லை, பணம் முழுவதும் ஐகேனுக்குப் போய்விடும். அதற்குப் பதிலாகத் தங்களுக்குள் தனியார் ஏலம் வைத்துக்கொண்டார்கள். அங்கே ஜெயித்தவர் கட்டும் பணம் தோற்றவர்களுக்குப் பங்கு பிரியும். 1,85,000 டாலர் கட்டி விண்ணப்பித்துவிட்டு, சும்மா தோற்றே லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம். பின்னொட்டை நடத்தும் எண்ணமே இல்லாமல் விண்ணப்பிக்க இதைவிடக் காரணம் வேண்டுமா?

டாட் வெப் விவகாரத்தில் இது வெடித்தது. டாட் காமுக்கு நேர்ப் போட்டியாக வரக்கூடிய ஒரே பெயர் என்று பலரும் நம்பிய சொல் அது. ஏழு பேர் கேட்டிருந்தார்கள், கூகுளும் அதில் ஒன்று. தனியார் ஏலத்துக்கு எல்லோரும் தயார், நு டாட் கோ என்ற ஒரு சிறிய நிறுவனத்தைத் தவிர. ஏன் மறுக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. 2016 ஜூலையில் ஐகேன் ஏலத்தில் அது 13.5 கோடி டாலருக்கு வென்றபோது எல்லோரும் வாய் பிளந்தார்கள். சில நாட்களில் உண்மை வந்தது: பணம் வெரிசைனுடையது. பெயரும் பின்னால் அங்கேதான் போகும். டாட் காமை வைத்திருப்பவரே அதன் போட்டியாளரையும் வாங்கிவிட்டார். இரண்டாவதாக வந்த அஃபிலியாஸ், விண்ணப்பத்தின் உண்மையான முதலாளியை மறைத்தது விதிமீறல் என்று 2018-இல் நடுவர் மன்றம் போனது. 2021 மே மாதத் தீர்ப்பு, புகாரை ஆராய்ந்து முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டதில் ஐகேன் தன் சொந்த விதிகளை மீறியது என்று சொன்னது. பெயர் யாருக்கு என்பதை மட்டும் ஐகேனிடமே திருப்பி அனுப்பியது. 2023-இல் வாரியம், விதி மீறப்படவில்லை என்றது. அஃபிலியாஸின் உரிமையைத் தொடர்பவர்கள் மறுபடி வழக்குப் போட்டார்கள்.

சில பெயர்களை யாருக்கும் கொடுக்கவில்லை. டாட் ஹோம், டாட் கார்ப், டாட் மெயில். அலுவலகங்களும் வீட்டு ரூட்டர்களும் பல ஆண்டுகளாகவே தங்கள் உள்வலையில் இந்தப் பெயர்களைச் சொந்தமாகப் புழங்கிவந்தன. மூலச் சர்வர்களுக்குத் தவறிப்போய் வந்துசேரும் கேள்விகளை எண்ணிப் பார்த்தபோது இந்த மூன்றும் மிக அதிகம். நாளைக்கே உண்மையான டாட் கார்ப் வந்தால், ஒரு கம்பெனியின் உள் அஞ்சல் வெளியே எவரிடமோ போகும். 2018-இல் ஐகேன் மூன்றையும் ஒரேயடியாக நிறுத்தியது. மொத்தத் திட்டத்திலும் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்காமல், பெயர் ஏற்கெனவே எங்கே புழக்கத்தில் இருக்கிறது என்று கேட்ட முடிவு இதுதான், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

ஆயிரத்துக்கும் அதிகமான புதிய பின்னொட்டுகள் வந்துவிட்டன. புள்ளிக்கு இடப்பக்கமும் நிறுவனங்கள் பயந்தபடி செலவு வைத்தது. தங்கள் குறியை ஒரு மையப் பதிவேட்டில் சேர்த்துவைத்தால், ஒவ்வொரு பின்னொட்டும் பொதுமக்களுக்குத் திறக்குமுன் முதலில் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. டாட் சக்ஸ் இதையே தொழிலாக்கியது: ஆங்கிலத்தில் எந்தப் பெயருக்குப் பின் போட்டாலும் வசவாகும் சொல் அது. முன்னுரிமைக் காலத்தில் குறிக்காரர்களுக்கு ஒரு பெயர் 2,499 டாலர். இது மிரட்டிப் பணம் பறிப்பது ஆகாதா என்று, அனுமதி கொடுத்த ஐகேனே 2015-இல் அமெரிக்க, கனடிய அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டது. மறுபுறம், அடித்துப்பிடித்துத் தங்கள் பெயரிலேயே பின்னொட்டு வாங்கிய சில நிறுவனங்கள் அதைத் திருப்பிக் கொடுத்தன. மெக்டொனால்ட்ஸ் தன் இரண்டையும் 2017-இல் கைவிட்டது.

அடுத்த சுற்றுக்கு 2026 ஏப்ரல் 30-ஐ ஐகேன் தொடக்க நாளாகக் குறித்தது. கட்டணம் 2,27,000 டாலர். தனியார் ஏலத்துக்குத் தடை. விண்ணப்பிக்கும்போதே மாற்றுப் பெயர் ஒன்றைச் சொல்லிவைக்கலாம். போட்டி தெரிந்ததும் அதற்குத் தாவிக்கொள்ளலாம். வணிகக்குறியைப் பின்னொட்டாகக் கேட்பவர்களுக்கு இன்னொரு வசதி: மோதல் வந்தால், தங்கள் குறி பதிவாகியிருக்கும் சரக்கு அல்லது சேவையைக் குறிக்கும் ஒரு சொல்லைப் பெயரோடு சேர்த்துக்கொண்டு விலகலாம். டெல்டாக்களைப் போல ஒரே பெயரில் வெவ்வேறு தொழில் நடத்துபவர்களுக்கு இது கைகொடுக்கும். அப்படியாக நீஸ் ஒப்பந்தத்தின் 45 வகுப்புகள் இணையத்தின் மூலக் கோப்புக்குள் மெல்ல நுழைகின்றன. மருந்தும் மருந்தும் மோதினால் பயனில்லை, இருவருக்கும் ஒரே வகுப்பு. டாட் வெப் போன்ற பொதுச்சொற்களுக்கும் இந்த விதி கிடையாது. அவை ஏலத்துக்கே போகும். போன முறை ஏலங்களில் ஐகேனுக்குச் சேர்ந்தது 20 கோடி டாலருக்கு மேல். அதிலிருந்து முதல் தவணையாக ஒரு கோடி டாலர் வரை மானியம் கொடுக்க 2024-இல்தான் விண்ணப்பம் கேட்டார்கள்.